பெயருக்கு விட்ட இடம்

கழுவி முடித்த கல்லில் ஒரு சுழி மிஞ்சியிருந்தது.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை, சுண்டுவிரல் நகத்தளவுதான். தியாகலிங்கம் பதினேழு வருடமாக மொன்றியல் சுவர்களில் மற்றவர்கள் கிறுக்கியதை அழித்தே சோறு தின்கிறவர். மருந்து பூசி, ஊறவிட்டு, சுடுதண்ணீரை வேகமாக அடித்து, மை முழுக்கக் கழன்ற பிறகும் கல்லுக்குள் ஒரு நிழல் தங்கி நிற்பதை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். இரண்டாம் தரம் அடித்தால் போய்விடும், போகாவிட்டால் மூன்றாம் தரம். ஆனால் இந்தக் கல்லில் எவனோ அடித்துவிட்டுப் போன மை சிவப்பு. சுழியோ கறுப்பு. அதுவும் சிவப்பு மை கொஞ்சமும் படாத கீழ்மூலையில், இப்போதுதான் வைத்ததுபோல ஈரமாக இருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு ஆட்காட்டி விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். வேலை தெரிந்தவன் செய்யக்கூடாத காரியம். நவம்பர் மாதத்துக் குளிரில் கல் முழுக்க விறைத்துப்போயிருக்க, அந்த இடம் மட்டும் காய்ச்சல்காரரின் நெற்றிபோல இளஞ்சூடாக இருந்தது.

நகரத்தின் லாசால் பகுதியில் ஆற்றோரமாக, தண்ணீர் பாறைகளில் மோதி இரைகிற சத்தம் எந்த நேரமும் கேட்கிற ஒரு பூங்காவில் நிற்கிறது அந்தச் சாம்பல் நிறக் கல். முன்னொரு காலத்தில் இந்த ஊர்க்காரர் அடிமைகளாக வாங்கி விற்ற ஆபிரிக்க மனிதர்களின் பெயர்களை அதில் வரிசையாக வெட்டியிருந்தார்கள். மரி, பதினெட்டு வயது. ழாக், நாற்பது வயது. குடும்பப் பெயர் ஒருவருக்கும் இல்லை. கோடையில்தான் திறந்துவைத்தார்கள், பனி விழ முதல் எவனோ வந்து அந்தப் பெயர்களுக்கு மேலே, பிரெஞ்சில் ஒருதரமும் ஆங்கிலத்தில் ஒருதரமும், அந்த மனிதர்களை இழித்துக் கூப்பிடுகிற சொல்லைப் பெரிதாக அடித்துவிட்டுப் போயிருந்தான். பொலிஸ் வந்து படம் எடுத்தது. பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார்கள். கடைசியாக வாளியோடு வந்தவர் தியாகலிங்கம்.

கல்லை நிறுவிய சங்கத்திலிருந்து ஷெரோன் என்ற பெண் வந்து, அவர் வேலை செய்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஐம்பது வயதிருக்கும், நெடிய கறுப்புப் பெண். குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, "உங்கள் கைக்கு நன்றி, மிஸ்டர் தியா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தியாகலிங்கத்துக்கு ஏனோ அந்த நன்றி தொண்டையில் இறங்கவில்லை.

"இந்த மூலையில் ஒன்றும் வெட்டவில்லையே, ஏன்?" என்று சுழி இருந்த இடத்தைக் காட்டிக் கேட்டார்.

"அது ஒரு குழந்தையின் இடம். ஒரு மாதக் குழந்தை. பழைய பதிவேட்டில் அதற்குப் பெயர் இல்லை. அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லைக் கல்லில் வெட்டுவதில்லை என்று முடிவெடுத்து, இடத்தை மட்டும் விட்டோம்."

"இந்தக் கறையை நாளைக்கு வந்து எடுத்துவிடுகிறேன்" என்றார் தியாகலிங்கம்.

"எந்தக் கறை?" என்று ஷெரோன் குனிந்து பார்த்தாள். பிறகு, "ஓ, இதுவா. கல்லின் சொந்தக் கோடு என்று நினைத்தேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து எத்தனை தரம் சோப் போட்டும் ஆட்காட்டி விரல் நகத்துக்குள் இருந்த கறுப்புப் போகவில்லை. ஊசியால் கிண்டினார், எலுமிச்சம்பழம் தேய்த்தார். மனைவி இந்திராதேவி அடுப்படியில் பயற்றம் உருண்டை பிடித்துக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமைக்கிடையில அந்த விரலைத் துப்புரவாக்குங்கோ. அந்தக் கையால எல்லோ பிள்ளையின்ர பெயரை எழுதப்போறியள்" என்றாள்.

அந்த வீட்டில் அந்த வாரம் எல்லாப் பேச்சும் ஞாயிற்றுக்கிழமையில்தான் போய் முடிந்தது. ஒரே மகள் வினோஜாவின் குழந்தைக்கு அன்றைக்கு முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவு, பெயர் வைப்பு. அதைவிடப் பெரிய சங்கதி, இரண்டரை வருடத்துக்குப் பிறகு வினோஜா இந்த வாசல்படி மிதிக்கப்போகிறாள் என்பது. அவள் கட்டியது கெர்வென்ஸ் என்ற ஹெயிட்டிப் பையனை. தாதி வேலை பார்க்கிறவன், நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை என்று தியாகலிங்கத்துக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது வேறு. "போயும் போயும் ஒரு காப்பிலியை" என்று கத்தினார்.

யாழ்ப்பாணத்தாருக்கு அந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கறுப்பு மனிதரைக் கண்டவுடன் யோசிக்காமல் நாக்கில் வந்து விழுகிற சொல் அது. பஸ்சில் பக்கத்தில் இருந்தவனுக்கும் அதுதான், வேலையிடத்து மேலாளருக்கும் அதுதான், தொலைக்காட்சியில் ஓடுகிற ஓட்டக்காரனுக்கும் அதுதான். அவர்களுக்கு விளங்காது என்ற தைரியத்தில், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். "அது கெட்ட சொல்லில்லைப் பிள்ளை, சும்மா பேச்சு வழக்கு" என்று தியாகலிங்கம் மகளுக்குச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை, போய்விட்டாள். வெட்கத்தில் கெர்வென்சுக்கு அதை ஒருநாளும் மொழிபெயர்த்துச் சொல்லவுமில்லை.

குழந்தை பிறந்தபிறகுதான் மனம் இளகினாள். தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "அப்பா, அந்தச் சொல்லை என்ர பிள்ளை ஒருக்கா உங்கட வீட்டில கேட்டாலும், பேந்து நீங்கள் அவளைப் பார்க்க மாட்டியள்."

"சத்தியமாப் பிள்ளை" என்றார். சொன்னதை முழு மனதோடுதான் சொன்னார்.

ஆனால் மகளுக்குத் தெரியாத ஒன்று அவர் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. குழந்தை பிறந்த அன்று கெர்வென்ஸ் இரகசியமாக அழைத்துச் சொல்ல, உள்ளே போகத் துணியாமல் ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் நின்று, ரொறொன்ரோவில் இருக்கிற மைத்துனரோடு கதைக்கும்போது, பழக்கதோஷத்தில் அதே சொல் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் கெர்வென்ஸ், கையில் இரண்டு கோப்பியோடு. "மாமா, நீங்கள் இதைச் சற்றுமுன்னும் சொல்லக் கேட்டேன். காப்பிலி. என்ன அர்த்தம்?" என்று பிரெஞ்சில் கேட்டான். தியாகலிங்கம் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். "செல்லப் பெயர். வீட்டுப் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுறது" என்று சொல்லிவிட்டார். அவன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. சரியாக வரும்வரை நாலைந்து தரம் சொல்லிப் பழகிக்கொண்டான்.

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மருந்து வாளியோடு பூங்காவுக்குள் இறங்கியபோது ஆற்றிரைச்சலுக்குக் கீழே இன்னொரு சத்தம் இருப்பதுபோல அவருக்குப் பட்டது, ஒரு குழந்தை அழுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுக்கிறதுபோல, இழுத்தது வெளியே வராமல் அப்படியே நிற்கிறதுபோல. நின்று காதைக் கொடுத்தார். ஆறுதான். மருந்தின் தோடம்பழ வாசத்தை மீறி, பால் புளித்த வாசம் ஒன்று கல்லடியிலிருந்து வந்தது.

சுழி நேற்றையதைவிட வளர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கால் முளைத்திருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோதுதான் அது என்னவென்று விளங்கியது.

கா.

தமிழ் எழுத்து. எவனோ பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கிறுக்கிவிட்டுப் போன கல்லில், தமிழ்.

முதலில் அவருக்குப் பயத்தைவிட ஒரு அசட்டுச் சந்தோஷம்தான் வந்தது. பேத்திக்கு வைக்கப்போகிற பெயர் காவினி. தாயின் ஆட்களுக்கும் தகப்பனின் ஆட்களுக்கும் வாயில் வர வேண்டும் என்று வினோஜா தேடி எடுத்த பெயர். மனம் முழுக்க அதுவாக இருக்கிறபடியால்தான் கறையெல்லாம் 'கா'வாகத் தெரிகிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, மருந்தைப் பூசி, இருபது நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரை அடித்தார். ஆவி அடங்கியதும் குனிந்து பார்த்தார்.

'கா' அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு 'ப்'.

மேற்பார்வையாளரை அழைத்துப் படம் அனுப்பினார். அவள் சிரித்தாள். "ஏதோ நாலு கோடு, தியா. எந்தப் பாஷையிலும் அது ஒன்றுமில்லை. சிவப்பு போய்விட்டதல்லவா, வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ" என்றாள். அவர் தொலைபேசியைக் காதிலேயே வைத்தபடி நின்றார். அதை வாசிக்கத் தெரிந்தவர் அந்தப் பூங்காவில் அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன், பெயர் எழுதிப் பழகலாம் என்று ஒரு கொப்பியோடு மேசையில் இருந்தார். பெயர் வைக்கும்போது அரிசியில் எழுதுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இருந்ததில்லை, பிள்ளைக்கு முதல் எழுத்துப் பழக்கி ஏடு தொடக்கும்போது எழுதுகிறதுதான். வினோஜா எங்கோ வீடியோவில் கண்டு ஆசைப்பட்டுவிட்டாள், அப்பாதான் எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் சொன்னதை நினைத்து அவர் குளியலறையில் போய் நின்று அழுதிருக்கிறார். பேனை பிடித்தே எத்தனையோ வருடம். காவினி, காவினி, காவினி என்று வரி வரியாக எழுதினார். அடுப்படியில் வெங்காயம் வதங்குகிற வாசம், வெப்பக் குழாய் டிக் டிக்கென்று அடிக்கிற சத்தம், ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் தெருவிளக்கு. எல்லாம் வழமைபோலத்தான் இருந்தது. கை தன்பாட்டில் எழுத, கண் தன்பாட்டில் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

இந்திராதேவி தோளுக்குப் பின்னால் நின்றாள். அவர் குனிந்து கொப்பியைப் பார்த்தார். மேலே பத்து வரி காவினி. அதற்குக் கீழே, பக்கம் முடியும்வரை, அந்தச் சொல்.

"நான் எழுதேல்லை."

"உங்கட கையெழுத்தெல்லோ. லி-யின்ர வளைவை உள்ளுக்க மடக்கி எழுதுறது இந்த உலகத்தில நீங்கள் ஒராள்தான்." அவள் அந்தத் தாளைக் கிழித்தாள், கிழித்ததை மறுபடி கிழித்தாள். "இஞ்சேருங்கோ, எனக்கு என்ர பிள்ளை வேணும். அவளைத் திரும்பவும் கலைச்சுப்போட்டால் நான் உங்களோட இருக்க மாட்டன்."

அவர் ஆட்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்துக்குள் இருந்த கறுப்பு, விரலின் முதல் கணு வரைக்கும் இறங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவரை ஒருவரும் வேலைக்கு அனுப்பவில்லை. சொந்தக் காரில், சொந்தமாக வாங்கிய கம்பித் தூரிகையோடு போனார். கல்லை நெருங்க முதலே தெரிந்தது. நாலு எழுத்தும் வந்திருந்தன, அந்தக் குழந்தைக்கென்று விட்ட இடத்தில், அளவெடுத்ததுபோல. 'லி'யின் வளைவு உள்ளே மடங்கியிருந்தது.

முழங்காலிட்டுத் தேய்த்தார். தூரிகையின் கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்து, முதல் நாளிரவு விழுந்த பனியில் விழுந்தன. தூரிகை முடிந்ததும் கையுறையால் தேய்த்தார், கையுறை பிய்ந்ததும் வெறுங்கையால் தேய்த்தார். விரல் தோல் உரிந்து இரத்தம் பட்டதே தவிர எழுத்து அசையவில்லை. கல்லில் வேறு எங்கும் குளிர், அங்கே மட்டும் சூடு. உள்ளங்கையை அழுத்தி வைத்தபோது அதற்குள்ளிருந்து ஏதோ ஒன்று, மெதுவாக, ஒரு சின்ன நெஞ்சுபோல, ஏறி இறங்கியது.

"நான் உன்னைச் சொல்லேல்லையம்மா" என்றார் தமிழில், கல்லைப் பார்த்து. "ஒருத்தரையும் நினைச்சுச் சொல்லேல்லை. சும்மா சொன்னது."

ஆறு இரைந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். வெயில் ஜன்னல் நிறைய விழுந்தது. வீடு முழுக்கச் சாம்பிராணியும் மஞ்சள் தண்ணீரும் பொரித்த எண்ணெயும் மணந்தன. கெர்வென்சின் தாய் அக்னெஸ், தன் இரண்டு தங்கைகளோடு வெள்ளை உடுப்பில் வந்திருந்தாள். அவர்கள் கொண்டுவந்த, மீன் அடைத்துப் பொரித்த பற்றீசும் இந்திராதேவி பொரித்த பற்றீசும் ஒரே தட்டில் இருந்தன. எது யாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியாமல் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வினோஜா தகப்பனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து, "வேலையில காயமோ அப்பா?" என்று கேட்டாள். அப்பா என்று அவள் சொன்னதே அவருக்குப் போதும்போல இருந்தது.

குழந்தையைத் தகப்பனின் மடியில் வைத்தாள். அவ்வளவு சின்ன உருவம், அவ்வளவு பாரம். "காவினி" என்றார். குழந்தை கண் திறக்கவில்லை. காலையிலிருந்து எல்லாரும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள், அது நல்ல நித்திரை. பால் புளித்த வாசம் மெல்ல வந்தது. எல்லாக் குழந்தையிலும் வருகிற வாசம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி அவர் முன்னால் வைத்தார்கள். குழந்தை தாயின் கைக்குப் போனது. மூன்று கைத்தொலைபேசிகள் அவர் விரலைப் படம் பிடிக்கத் தயாராக நின்றன.

"இடக்கையால எழுதட்டே?" என்று கேட்டார்.

"நல்ல காரியத்துக்கு ஆரும் இடக்கையால எழுதுறதே?" என்றாள் இந்திராதேவி. அவள் கண் அவரைக் கெஞ்சியது.

கட்டை அவிழ்த்தார். விரலை அரிசியில் வைத்தார். அரிசி சூடாக இருந்தது.

கா.

சரியாக வந்தது. அக்னெஸ் கைதட்டினாள். இனி வி. இடப்பக்கம் ஒரு சுழி, கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். ஒரு சுழி. வினோஜா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு, சிரித்துக்கொண்டு. சுழி. சுழி. விரல் கீழே இறங்கியது. நேராக இறங்கியது. வேண்டாம். வலப்பக்கம் திரும்பி மேலே ஏறியது. அவர் இழுத்தார். தோளால் இழுத்தார். கை அவருடைய கையாகவே இல்லை. புள்ளி விழுந்தது. திரும்பவும் இறங்கியது.

இந்திராதேவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசி வளைவு. உள்ளே மடங்கியது. முடிந்தது.

விரலை எடுத்தார். வெள்ளை அரிசியில் எழுத்துகள் கறுப்பாக நின்றன. ஹெயிட்டிக்காரப் பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். எவ்வளவு அழகான எழுத்து என்றாள் ஒருத்தி. அரிசியை அழிக்கலாம் என்று உள்ளங்கையைக் கொண்டுபோனார், கை பாதியில் நின்றுவிட்டது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. வினோஜாவை மட்டும் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எடுக்க மறந்த சிரிப்பு.

"பொறுங்கோ, நான் வாசிக்கிறன்" என்றான் கெர்வென்ஸ், தமிழில். பிறக்க முதலே மகளுக்காக, ஆறு மாதமாகத் தொலைபேசியில் எழுத்துப் படிக்கிறவன். முழங்காலிட்டு, விரலை நீட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டான். "கா... ப்..." ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினான். "பி... லி."

நிமிர்ந்தான். முகம் முழுக்க வெளிச்சம். தாயின் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் வேகமாகச் சொன்னான். "அம்மா, இந்தச் சொல் எனக்குத் தெரியும்! மாமாதான் சொல்லித் தந்தார். வீட்டுப் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிறது. பார், அவளுக்கு முதலில் செல்லப் பெயரை எழுதியிருக்கிறார்."

வினோஜா தகப்பனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாய் திறந்து அதன் அர்த்தத்தைச் சொன்னால் இந்தப் பெண்கள் முகத்தில் அதற்குப் பிறகு என்ன மிஞ்சும். சொல்லாமல் விட்டால் பிள்ளைக்கு அதுவே பெயராக நிற்கும். உதடு அசைந்தது. குழந்தையை இறுக்கி அணைத்தாள். அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை.

பெயரைக் காதில் மூன்று தரம் சொல்ல வேண்டும் என்று அக்னெசுக்கு முதலே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் மருமகளின் தோளைத் தடவி, குழந்தையின் காதருகே குனிந்து, அந்தச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும் பக்குவமாக, அவ்வளவு அன்பாகச் சொன்னாள்.

ஒருதரம்.

வெப்பக் குழாய் நின்றது. எங்கோ தூரத்தில் ஆறு இரைந்தது. அந்த வீட்டிலிருந்து ஆறு கேட்காது.

இரண்டாம் தரம். இப்போது தங்கைகள் இருவரும் சேர்ந்து சொன்னார்கள். கெர்வென்சும் சொன்னான்.

மூன்றாம் தரம்.

காலையிலிருந்து காவினி என்று எத்தனை பேர் கூப்பிட்டும் அசையாத குழந்தை கண்ணைத் திறந்தது. முப்பத்தொரு நாள் பிள்ளை, தலையைத் தானாக நிமிர்த்தி, தாயையும் தகப்பனையும் விட்டு, கூப்பிட்டவர்களையும் விட்டு, அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிந்ததுபோல, நேராகத் தியாகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது.